மனச்சோர்வுக்கு வீட்டிலேயே மின் சிகிச்சை: ஒரு தோழியின் கேள்விக்குப் பதில்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நாலந்தாவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற மனநலத் தாதி உத்தியோகத்தரான எமது சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காலையில் எல்லாருமாகக் கெடிகேயைச் சுற்றிப் பார்த்தோம். பகல் பலாக்காய்க் கறியோடு வயிறாரச் சாப்பிட்டோம். இந்த நேரத்தில் பேச எழும்புகிறவளுக்கு நித்திரைதான் முதல் எதிரி. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்கள் நர்ஸாக இருந்தவர். சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார். சீனி வருத்தமும் பிரஷரும் போன வருடமே பேசியாகிவிட்டது, நான் மனச்சோர்வு பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் சற்று அமைதி. "எல்லாரும் சந்தோசமாகக் கூடுகிற நாளில் அது வேணுமா அக்கா?" என்றார். சந்தோசமாகக் கூடுகிற நாளில்தான் வேணும் என்றேன். ஏனென்றால் இன்று வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களில் சிலர் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்தத் தலைப்பை எனக்குத் தந்தது நம் வகுப்புத் தோழி ஒருத்தி. அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்; பெயர் சொல்ல மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். அவளுடைய கணவர் காலமாகிவிட்டார். மகள் லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறாள். இவள் இங்கே தனியாக. போன வருடம் ஒருநாள் எனக்கு அழைத்து, "மகள் ஒரு சாமான் அனுப்பியிருக்கிறாள். தலையில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால் மனசு சரியாகுமாம். கரண்ட் வருமாம். மாட்டட்டா, வேண்டாமா?" என்று கேட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் மனநலப் பிரிவுகளில் வேலை செய்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "இரண்டு நாள் பொறு, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். படித்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் எத்தனையோ பேருக்கு வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளைக்கு அந்தப் பார்சல் உங்கள் வாசலுக்கும் வரலாம்.

முதலில் அந்தச் சாமான் என்ன என்று பார்ப்போம். தலைப்பட்டி மாதிரி ஒன்று. நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு மின்வாய்கள். அவற்றின் கீழே உப்புத் தண்ணீரில் நனைந்த பஞ்சு. உள்ளே பற்றரி. ஒரு மின்வாயிலிருந்து மிக மெல்லிய மின்னோட்டம் தோலையும் மண்டையோட்டையும் கடந்து மூளையின் முன்பகுதிக்குப் போய் மற்ற மின்வாய் வழியே திரும்பி வருகிறது. மண்டையோட்டின் ஊடாக நேரோட்டம் செலுத்தி மூளையைத் தூண்டுவது என்று இதற்குப் பெயர். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் டி.டி.சி.எஸ். என்பார்கள்.

கரண்ட் என்றதும் உங்களில் பலருடைய முகம் மாறுகிறது. நம் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்றால் அங்கொடைதான் ஞாபகம் வரும். சிறு பிள்ளைகள்கூட "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று சண்டை பிடிப்பார்கள். அந்தப் பேச்சால் எத்தனை பேர் வைத்தியரிடம் போகாமலே இருந்தார்கள் என்று கணக்கு எடுத்தால் மனசு வலிக்கும். ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

வைத்தியசாலையில் கொடுக்கும் மின்வலிப்புச் சிகிச்சை 1938ஆம் ஆண்டு ரோமில் செர்லெற்றி, பினி என்ற இரண்டு வைத்தியர்கள் தொடங்கியது. இன்றைக்கு அது மயக்க மருந்து கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, சில வினாடிகள் மட்டும் செய்யப்படுகிறது. அதில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 800 மில்லி அம்பியர். அதன் நோக்கமே மூளையில் கட்டுப்பாடான ஒரு வலிப்பை உண்டாக்குவது. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கட்டிலோடு கிடந்தவர்கள் அந்தச் சிகிச்சையால் எழும்பி நடந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அது பயப்பட வேண்டிய சிகிச்சை அல்ல. ஆனால் வைத்தியசாலையில் மட்டுமே செய்ய வேண்டியது.

நான் இன்று சொல்லும் கருவியில் பாய்வது 2 மில்லி அம்பியர். நானூறில் ஒரு பங்கு. வலிப்பு வராது, மயக்கம் தேவையில்லை, நினைவு தப்பாது. மாட்டிக்கொண்டு புத்தகம் வாசிக்கலாம். மின்வாய்க்குக் கீழே ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல ஓர் உணர்வு இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய மின்சாரம் என்ன செய்யும்? விறகு அடுப்பு வைத்திருந்த நம் அம்மாமார் மழைக்காலத்தில் ஈர விறகை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி வைப்பார்கள். அந்தச் சூட்டில் விறகு எரியாது. ஆனால் உலர்ந்து, பிறகு நெருப்பு வைக்கும்போது இலகுவாகப் பற்றும். இந்த மின்னோட்டமும் அப்படித்தான். நரம்புக் கலங்களை அது நேரடியாக இயக்குவதில்லை. இயங்குவதற்குத் தயாரான நிலைக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறது. மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு இடது முன் மூளையின் ஒரு பகுதி மந்தமாக இயங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திட்டமிடுவது, கவனிப்பது, கெட்ட எண்ணத்திலிருந்து மனசைத் திருப்புவது எல்லாம் அந்தப் பகுதியின் உதவியோடு நடப்பவை. அந்த இடத்தைப் பரணில் வைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் எண்ணம்.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. முதலாம் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோம வைத்தியர், தலைவலிக்கு மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்த சில வருடங்களிலேயே அல்டினி என்ற இத்தாலிய அறிஞர் மனச்சோர்வு கொண்டவர்களின் தலையில் அந்த மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்து, அதை 1804ஆம் ஆண்டு நூலாக எழுதினார். இடையில் மறந்துபோயிருந்த இந்த வழியை 2000ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் நிற்ஷே, பவுலுஸ் என்ற ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து காட்டினார்கள். அதிலிருந்துதான் இன்றைய ஆய்வுகள்.

நமக்குக் கிட்டவும் ஒரு முக்கியமான சம்பவம் உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த வைத்தியர் சித்தரஞ்சன் அந்திராதே 2013ஆம் ஆண்டு ஓர் அனுபவத்தை வெளியிட்டார். காதில் ஓயாமல் குரல் கேட்கும் கடும் நோயால் வாடிய ஒருவருக்கு, வேறு மருந்து எதுவும் உதவாத நிலையில், ஏறத்தாழ மூன்று வருடங்கள் வீட்டிலேயே நாள்தோறும் இந்த மின் சிகிச்சை கொடுக்கப்பட்டது. நல்ல முன்னேற்றமும் தெரிந்தது. அது மனச்சோர்வு அல்ல, வேறு நோய். ஒரே ஒருவரின் கதை. ஒரு மரத்தைப் பார்த்துத் தோப்பைச் சொல்ல முடியாது. ஆனாலும் வைத்தியரின் வழிகாட்டலோடு ஒரு சாதாரணக் குடும்பம் வீட்டில் இதைச் செய்யலாம் என்று நம் பக்கத்திலிருந்தே காட்டிய சம்பவம் அது.

சரி, மனச்சோர்வுக்கு வேலை செய்கிறதா? இதுதான் என் தோழியின் கேள்வி. இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை.

2024ஆம் ஆண்டு பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 174 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 120 பேர் பெண்கள். எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்தபடியே தலைப்பட்டியை மாட்டினார்கள். ஒருமுறைக்கு 30 நிமிடம். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஐந்து நாள். அடுத்த ஏழு வாரம் வாரத்துக்கு மூன்று நாள். பாதிப் பேருடைய கருவியில் உண்மையான மின்சாரம். மற்றப் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் குறுகுறுத்துவிட்டு நின்றுவிடும் போலிக் கருவி. யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. பத்தாவது வாரத்தில், உண்மைக் கருவி கிடைத்தவர்களில் நூற்றுக்கு 45 பேர் அளவில் நோய் நீங்கிய நிலைக்கு வந்திருந்தார்கள். போலிக் கருவி கிடைத்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் அளவில். இரண்டு மடங்கு வித்தியாசம். நல்ல செய்திதான்.

ஆனால் அதே 2024ஆம் ஆண்டில் பிரேசிலில் 210 பேரை வைத்து வீட்டிலேயே செய்த இன்னோர் ஆய்வில், உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதற்கு முந்தின வருடம் ஜேர்மனியில், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த 160 பேருக்கு வைத்தியசாலையில் இதைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் மேலதிகப் பலன் தெரியவில்லை. 2017இல் பிரேசிலில் 245 பேரைக் கொண்டு மாத்திரையோடு ஒப்பிட்டபோது, மின் சிகிச்சை மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை.

நல்ல செய்தி தந்த அந்த முதல் ஆய்விலும் கவனிக்க வேண்டியவை உண்டு. உண்மைக் கருவி கிடைத்தவர்களில் பெரும்பாலோர் தமக்குக் கிடைத்தது உண்மைக் கருவிதான் என்று சரியாக ஊகித்துவிட்டார்கள். நம்பிக்கையும் கொஞ்சம் குணமாக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. பல மருந்துக்கும் மசியாத நோய் உள்ளவர்களையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கடுமையாக உள்ளவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே அந்த முடிவை அவர்களுக்குப் பொருத்த முடியாது.

இவற்றையெல்லாம் வைத்து நான் எடுத்த முடிவு இதுதான்: இது ஏமாற்று வேலை அல்ல. சிலருக்கு உதவுகிறது. யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு விஞ்ஞானம் இன்னும் வளரவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு, வைத்தியர் பார்த்துக்கொண்டிருக்க, முயன்று பார்க்கத் தகுந்த ஒரு வழி. கடையில் வாங்கித் தாமாகவே மாட்டிக்கொள்ளும் பொருள் அல்ல.

"தாமாகவே" என்ற சொல்லை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பஞ்சு காய்ந்துபோனால் தோல் சுடும். மின்வாய் இடம் மாறினால் வேறு இடத்துக்கு மின்சாரம் போகும். தலைக்குள் உலோகத் தகடோ கிளிப்போ வைத்தவர்கள், இதயத்துக்கு மின் இயக்கி பொருத்தியவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், நெற்றியில் புண் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. வைத்தியரைக் கேட்க வேண்டும். மனச்சோர்வு என்று நாம் நினைப்பது, ஒருகாலம் சோர்வும் ஒருகாலம் மிதமிஞ்சிய வேகமுமாக மாறி மாறி வரும் வேறு நோயாக இருந்தால், இந்தச் சிகிச்சை அந்த வேகத்தைக் கிளப்பிவிடவும் கூடும். 9 வோல்ட் பற்றரியும் வயரும் வைத்துத் தாங்களே கருவி செய்து மாட்டிக்கொண்ட இளைஞர்களைப் பார்த்து, 2016ஆம் ஆண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் 39 பேர் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதி எச்சரித்தார்கள். இந்தத் துறையிலேயே ஊறினவர்கள் அப்படிப் பயந்தால் நாமும் கொஞ்சம் பயப்படலாம்.

இப்போது என் தோழியிடம் திரும்பி வருகிறேன். படித்து முடித்த பிறகு அவளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கே போனேன். சாமான் அலுமாரியில், பெட்டிகூடப் பிரிக்காமல் இருந்தது. நான் பெட்டியைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தேன். முற்றம் கூட்டி எத்தனையோ நாள். சட்டியில் பழைய சோறு. நான் போனது மாசி மாதம். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு ஒரு வருடமும் தவறாதவள், "இந்த முறை போகேல்ல" என்றாள். ஏன் என்று கேட்டேன். "போய் என்ன?" என்றாள்.

அந்த "போய் என்ன" என்ற சொல் எனக்கு மிகவும் பழக்கமான சொல். நோயாளிகளின் வாயால் கேட்டுப் பழகியது மட்டுமல்ல. இதை இதுவரை நான் எங்கேயும் மேடையில் சொன்னதில்லை, இன்று சொல்கிறேன். என் கணவர் போன பிறகு எனக்கும் இந்த நோய் வந்தது. சீருடை போட்டுக்கொண்டு காலையில் போய் மற்றவர்களுக்கு மாத்திரை கொடுத்தேன். "இது வருத்தம்தான் அம்மா, வெட்கப்பட ஒன்றும் இல்லை" என்று அவர்களுக்குச் சொன்னேன். மாலையில் வீட்டுக்கு வந்து விளக்குப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மாதம். எந்த மாத்திரை, எந்த அளவு என்று எல்லாம் தெரிந்த எனக்கு, "எனக்கும் வேணும்" என்று கேட்க வாய் வரவில்லை. நர்ஸுக்கே வந்தால் சனம் என்ன சொல்லும் என்ற வெட்கம். கடைசியில் என்னோடு வேலை செய்த, என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு பிள்ளைதான், "மிஸ், நீங்கள் மூன்று மாதமாகப் பகல் சாப்பிடுவதை நான் காணவில்லை" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் நான் உடைந்துபோனேன். அதுவே என் சிகிச்சையின் முதல் நாள்.

ஆகவே தோழியிடம் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டேன். அவற்றை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரத்தில், முன்பு விரும்பிச் செய்த காரியங்களில் விருப்பம் இல்லாமல் பெரும்பாலான நாட்கள் போயினவா? மனம் சோர்ந்து, எதிலும் நம்பிக்கையற்றுப் பெரும்பாலான நாட்கள் இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் வைத்தியரைப் பார்க்க வேண்டும். நம் பெண்கள் பலர் மனசைச் சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு படபடக்குது, உடம்பெல்லாம் உளையுது, நித்திரை இல்லை, தலை பாரம்" என்றுதான் சொல்வார்கள். பார்வை பார்ப்பார்கள், கயிறு கட்டுவார்கள். கட்டட்டும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கயிறு கட்டின கையோடு கிளினிக்குக்கும் போக வேண்டும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் கேட்டேன். கேட்கப் பலர் பயப்படும் கேள்வி. "உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அது தவறு. கேட்டால் ஆள் அழுவார். அழுதால் பாரம் குறையும். அவளும் அழுதாள். நான் மெதுவாக எழும்பி, கொட்டிலில் தோட்டத்துக்கென்று வைத்திருந்த கிருமிநாசினிப் போத்தலை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அது சின்னக் காரியம் என்று எண்ண வேண்டாம். 1995ஆம் ஆண்டு நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதன் பிறகு கடும் நஞ்சான கிருமிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இருபது வருடத்தில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவருடைய மிகக் கெட்ட நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால், அந்த நேரம் கடந்துபோகும், ஆள் இருப்பார். உலகத்துக்கே நம் நாடு கற்றுக்கொடுத்த பாடம் அது.

பிறகு அவளை அரச வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலைப்பட்டியையும் பெட்டியோடு கொண்டு போனோம். வைத்தியர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. இரத்தம் சோதித்தார், தைரொயிட் குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும். பிறகு சொன்னார்: "அம்மா, இதை நான் வேண்டாம் என்று எறியவில்லை. ஆனால் நீங்கள் இன்னும் முதல் படியே ஏறவில்லை. மாத்திரை ஒன்றும் எடுத்ததில்லை, யாரிடமும் மனம் விட்டுப் பேசினதுமில்லை. அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்து பார்ப்போம். பலன் இல்லாவிட்டால் இதைப் பற்றியும் யோசிப்போம்." மாத்திரை இலவசம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். சுகம் வந்த பிறகும் ஆறு மாதமாவது விடக்கூடாது. பாதியில் விட்டுவிட்டு "மாத்திரை சரிவரவில்லை" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

வரும் வழியில் பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அப்ப லண்டனிலே இருக்கிறதுகளுக்கு வீட்டிலே மருந்து, எங்களுக்குக் கிளினிக் வரிசையா?" நியாயமான கேள்வி. அதற்கும் பதில் தேடினேன். வீட்டு வாசலுக்கு வரும் சிகிச்சை நம் பக்கத்திலும் உண்டு. ஆனால் அது இயந்திரம் அல்ல.

பாகிஸ்தானின் கிராமங்களில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மனச்சோர்வில் விழுந்திருந்த 903 தாய்மாரிடம் ஓர் ஆய்வு செய்து 2008ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். வீடு வீடாகப் போகும் சாதாரணச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கு, எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது, சிறு சிறு காரியங்களில் மீண்டும் எப்படி ஈடுபடுத்துவது என்று பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதமானபோது, அவர்கள் பார்த்த தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் நோய் எஞ்சியிருந்தது. வழமையான வருகை மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு. கோவாவில் 495 பேரிடம் அதே போல ஓர் ஆய்வு. அங்கே பேசியவர்கள் வைத்தியர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஊர் மக்கள். ஆறு முதல் எட்டு முறை சந்திப்பு. நோய் நீங்கியவர்கள் நூற்றுக்கு 64 பேர். வழமையான கவனிப்பில் 39 பேர். 2017ஆம் ஆண்டு வெளியான முடிவு அது.

மறுபடியும் அந்தத் தலைப்பட்டி ஆய்வை நினைத்துப் பாருங்கள். போலிக் கருவி மாட்டியவர்களிலும் நூற்றுக்கு 22 பேருக்கு நோய் நீங்கியதே, எப்படி? காலம் போகப் போகத் தானாகச் சரியானவர்கள் சிலர் இருப்பார்கள். நம்பிக்கையும் ஒரு பங்கு. ஆனால் ஆய்வு நடந்த பத்து வாரமும் யாரோ ஒருவர் இடைக்கிடை காணொளியில் வந்து "எப்படி இருக்கிறீர்கள்? நித்திரை வந்ததா?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. குறித்த நேரத்தில் உட்கார ஒரு காரணம் இருந்தது. தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற எண்ணம் இருந்தது. அதை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை.

தோழியின் மகளோடு நான் பேசினேன். பாவம் அந்தப் பிள்ளை. அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில், இரண்டு மாதச் சேமிப்பில் அதை வாங்கி அனுப்பியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மகள், சாமான் இருக்கட்டும், வீணாகாது. நீ ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்துக்கு அம்மாவுக்கு எடு. 'சுகமா' என்று கேட்காதே, 'ஓம் சுகம்' என்றுதான் சொல்வா. 'இன்றைக்கு என்ன சமைத்தீங்கள்? முற்றம் கூட்டினீங்களா? யாரோடு பேசினீங்கள்?' என்று கேள்" என்றேன். அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. நம் வகுப்பில் மூன்று பேர் முறை வைத்து வாரத்துக்கொருமுறை அந்த வீட்டுக்குப் போனோம். முதல் இரண்டு முறை கதவைத் திறக்கவே யோசித்தாள். ஐந்தாவது முறை பிளேன் டீ ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எட்டு மாதமாகிறது. முழுச் சுகம் என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் இன்னும் கனமாகத்தான் இருக்கின்றன. தலைப்பட்டி அலுமாரியில்தான் இருக்கிறது. ஒருநாள் தேவைப்பட்டால் வைத்தியரின் மேற்பார்வையில் அதையும் மாட்டிப் பார்ப்போம். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் இன்று காலை கெடிகே படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்களில் அவளும் ஒருத்தி.

அந்தக் கெடிகேயைப் பற்றி வழிகாட்டி சொன்னதை எல்லாரும் கேட்டீர்கள். நீர்த்தேக்கத்தில் மூழ்க இருந்த கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து, மேட்டுக்குக் கொண்டுவந்து, திரும்பவும் அடுக்கியிருக்கிறார்கள். சில கல் உடைந்தும் தேய்ந்தும் இருக்கிறது. ஆனாலும் நிற்கிறது. தனி ஒரு ஆள் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

நூற்றாண்டு விழாவில் கட்டடத்துக்கு நிதி சேர்க்கிறோம், புலமைப்பரிசில் கொடுக்கிறோம். எல்லாம் தேவைதான். அதோடு இன்னொன்றையும் சங்கத்திடம் வேண்டிக் கேட்கிறேன். நம் பெயர்ப் பட்டியலை எடுத்து, இரண்டு வருடமாக எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்களின் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கிட்ட இருக்கும் இரண்டு பேர் பொறுப்பெடுங்கள். மாதம் ஒருமுறை போங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம். "உனக்கென்ன குறை, பிள்ளைகள் நல்லாத்தானே இருக்குதுகள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். உட்கார்ந்து கேளுங்கள். தேவைப்பட்டால் கிளினிக்குக்குக் கூடப் போங்கள். இரவில் ஒருவருக்கு மனம் தாங்காவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். இந்த இலக்கத்தை விழா மலரின் பின் அட்டையிலும் போடும்படி மலர்க் குழுவைக் கேட்டிருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்போது நான் சொன்னது உங்களைப் பற்றியே சொன்னது போல இருந்தால், போகும்போது என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துங்கள். எல்லார் முன்னாலும் எதுவும் கேட்க மாட்டேன். வருகிற கிழமை நானே உங்கள் வாசலுக்கு வருவேன்.